மாடியில் மூன்று, கணக்கில் நான்கு

டெரிக்கின் மானத்துக்கு அன்று காலை மார்க்கெட் விலை ஒரு கையெழுத்து. அவன் எழுதிய சாஃப்ட்வேர் பிடித்துப்போனால், 'வேலை நிரந்தரம்' என்று முதலாளி எபினேசர் போடப்போகும் கையெழுத்து. ராயபுரத்தில் அவன் அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தியே ஏற்றிவிட்டாள்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் மாடி ஆபீசில் மூன்று மானிட்டர்கள். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று மூன்றிலும் படம் வரவேண்டும். சாஃப்ட்வேர் முதலில் ஒவ்வொரு திரையிடமும் 'உனக்கு எந்தெந்த அளவு ஒத்துவரும்?' என்று விசாரித்து, எல்லாத் திரையும் சம்மதிக்கும் அளவில் பேரத்தை முடிக்கும். நேற்று அழகாக முடித்தது.

இன்று 'திரைகள்: நான்கு' என்றது. அந்த நாலாவது, எண்ணூறுக்கு அறுநூறு புள்ளிக்கு மேல் ஏறமாட்டேன் என்று பிடிவாதம். மற்ற மூன்றும் இறங்கிவந்தன. கன்டெய்னர்கள் பீரோ பீரோவாக வீங்கின.

"மூணுதானே கீது? உன் மெஷினுக்கு எண்ணத் தெரியாதா?" என்றாள் பில்லிங் பார்க்கும் சங்கமித்ரா. "பின்னாடி வயரைப் பாரேன்."

"இது சாஃப்ட்வேர் மேட்டரு. நான் இன்னா எலக்ட்ரீஷியனா?"

பொது அளவே வேண்டாம், அததற்கு முடிந்த பெரிய அளவு என்று மாற்றினான். படம் தெளிந்தது. ஆனால் சாஃப்ட்வேரின் முக்கிய ஜன்னல், இல்லாத அந்த நாலாவது திரைக்குக் குடிபோய்விட்டது. இழுத்துவரப் போன மவுஸ் அம்பும் திரும்பவில்லை.

ரீஸ்டார்ட் செய்தான். இப்போது மூன்று மானிட்டரும் இருட்டு.

"பூட்ச்சு. மொத்தமும் அந்த நாலாவதுக்கே பூட்ச்சு, சங்கு."

"கீபோர்டு?"

"குறிப்பு எழுதுற கட்டத்துல நிக்குதுன்னு நெனைக்கிறேன். இன்னா அடிச்சாலும் கண்ணுல படாது."

"அப்ப முதலாளியைத் திட்டி அடி. மனசாவது ஆறும்."

வேலைதான் போய்விட்டதே என்று டெரிக் அடித்தான். கஞ்சன். ஏசி ரிமோட்டைப் பூட்டிவைக்கிற ஆள். கிறிஸ்மஸ் கேக்கை பிளேடால் அறுக்கிற ஆள். பன்னி மூஞ்சி.

கீழே லாரி ஷெட்டில் ஒரே சிரிப்பு.

டீ கொண்டுவந்த அங்கம்மா மூச்சு வாங்கினாள். "நைனா, நேத்து மேட்ச் பாக்க டிரைவருங்க உன் கம்ப்யூட்டர் பொட்டிலேர்ந்து ஷெட் டிவிக்கு வயர் இஸ்த்தானுங்க. இன்னும் புடுங்கல. முதலாளி அதும் முன்னாடிதான் குந்திகினு டீ குடிக்கிறாரு."

டெரிக்கின் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் பாய்ந்தது.

"நாலு திட்டு எழுதிகீறியாமே? மூணை ஒத்துக்கினாரு. மூஞ்சி மட்டும் பாக்கி கீதாம், மேல வந்து தீத்துக்கிறேன்னாரு."