கேபிள் கட்சியும் பேட்டரிக் கட்சியும்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் தடாகம் சாலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் கியர்க் கட்சிக்காரரைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. பளபளக்கும் ஹெல்மெட், மூச்சுவிட இடம் தராத பனியன், நடந்தால் டக்டக் என்று தரையைக் கொத்தும் காலணி, இவற்றை வைத்து அவரை அடையாளம் காண முயலாதீர்கள். சைக்கிள் ஓட்டுகிற அப்பாவிகளும் இதையெல்லாம் அணிகிறார்கள். பேக்கரி வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு கையில் தேங்காய் பன்னும் மறு கையில் டீயுமாக, ஓட்டிய நேரத்தைவிட அதிக நேரம் நின்று வாதாடிக்கொண்டிருப்பவர் எவரோ, அவர்தான்.

இந்த இனத்தில் இரண்டு பிரிவு. கைப்பிடியில் உள்ள லீவரைத் தள்ளினால் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று இழுபட்டு, சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்த வேண்டும் என்பது கேபிள் கட்சி. கம்பி என்னத்துக்கு, பட்டனைத் தொட்டால் குட்டி மோட்டார் ஒன்று நகர்த்திவிட்டுப் போகிறது என்பது பேட்டரிக் கட்சி. விஷயம் அவ்வளவுதான். இந்த அவ்வளவை வைத்துக்கொண்டு இவர்கள் கல்யாண வரவேற்பில் மணமக்களை மறந்து வரிசையை நிறுத்தியிருக்கிறார்கள். துக்க வீட்டில் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்திருக்கிறார்கள். சைக்கிளின் எடையில் எண்பது கிராம் குறைந்ததை அரைமணி நேரம் விவரித்துவிட்டு இரண்டாவது தேங்காய் பன் கேட்பார்கள். அந்த எண்பது கிராம் எங்கே போயிற்று என்று நாம் கேட்கக்கூடாது.

எவர் எந்தக் கட்சியில் சேருவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியாது. வெங்கடபதியைப் பாருங்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு லேத்தில் உதிரிபாகம் கடையும் பட்டறை வைத்திருக்கிறார். முப்பது வருடமாக இரும்போடு வாழ்ந்தவர் கம்பியின் பக்கம்தானே நிற்க வேண்டும்? அவர் பேட்டரிக் கட்சி. இரும்பு என்னென்ன துரோகம் செய்யும் என்பது அவருக்குத் தெரியுமாம். அவரோடு ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டும் உமர் பாரூக்குக்கு உக்கடத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை. அவர் கேபிள் கட்சி. காரணம் கேட்டால், பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரியாதா என்கிறார். ஆக, தாங்கள் எதைக் கொண்டு பிழைக்கிறார்களோ அதை நம்பாதவர்கள் இருவரும். சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி ஏது?

"பாய், சும்மா ஒருக்கா தொட்டுப் பாருங்க. தொட்டாப் போதுமுங்க" என்பார் வெங்கடபதி.

"ஏனுங்க ஓனரே, ஊட்டுல போனுக்குச் சார்ஜ் போடோணும், வாட்சுக்குப் போடோணும், இப்பப் பல்லு வெளக்குற பிரஸ்ஸுக்கும் போடோணும். சைக்கிளையாச்சும் உட்டு வையுங்க."

இப்படியே ஆறு மாதம் போனது. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எவருடைய கியர் முதலில் வழியில் மக்கர் செய்கிறதோ, அவர் அன்றே மற்றவர் கட்சிக்கு மாறிவிட வேண்டும். பேக்கரி வாசலில், எல்லோர் முன்னாலும், தன் வாயால் சொல்லி. சாட்சி நித்யஸ்ரீ. வடவள்ளியில் பல் டாக்டர். யாரோ ஓட்டிக் கழித்த பழைய சைக்கிளில் இவர்களோடு வருகிறவர். அதில் கியர் கம்பியால் மாறுகிறதா, காற்றால் மாறுகிறதா என்று அவர் குனிந்து பார்த்ததே இல்லை. மாறுகிறது, அது போதும் அவருக்கு.

அடுத்த ஞாயிறு ஆனைகட்டி மலைக்கு. மாங்கரை வரை சாலை சமதளமாகப் போக, இருவரும் இருப்பதிலேயே கனமான, சமதளத்தில் வேகம் தந்து ஏற்றத்தில் காலை ஒடிக்கும் கியரில் பறந்தார்கள். சோதனைச்சாவடி தாண்டி ஏற்றம் தொடங்கியது. வெங்கடபதி பட்டனைத் தொட்டார். ஒன்றும் நகரவில்லை. பேட்டரி தீரப்போகிறது என்று ஒரு வாரமாகச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. கேபிளின் குறைகளைப் பட்டியலிடும் மும்முரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. அதே ஏற்றத்தில், பத்தடி பின்னால், உமர் பாரூக் லீவரைத் தள்ளினார். உள்ளே கம்பி அறுந்தது. சங்கிலி அந்தக் கனமான கியரிலேயே தங்கிவிட்டது. கம்பி இழை பிரிய ஆரம்பித்து மாதங்கள் ஆகியிருக்கும். ஆனால் கேபிளுக்குச் சாவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட மனிதர் அதை எந்த முகத்தோடு மாற்றுவார்?

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன செய்வோம்? இறங்கித் தள்ளுவோம். கட்சிக்காரர் இறங்குவாரா?

வெங்கடபதி எழுந்து நின்று மிதித்தார். முன்னால் போகிறவர் கியரைக் குறைக்காததைப் பார்த்த உமர் பாரூக், பட்டன்காரர் திமிர் காட்டுகிறார் என்று தானும் எழுந்து மிதித்தார். பின்னால் வருகிறவர் குறைக்காததைக் கண்ட வெங்கடபதி, பாய்க்கு இவ்வளவு தெம்பா என்று இன்னும் மிதித்தார். முழங்கால்கள் முறையிட்டன. ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒருவர் இருவரையும் கடந்து போனார். ஆடுகளும் கடந்து போயின.

லேசான கியரில் பெடலைச் சுலபமாகச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்த நித்யஸ்ரீ, "என்னங்ணா, ரெண்டு பேரும் கியரே மாத்தலீங்களே?" என்றார்.

காலுக்கு வலு ஏற்றுகிற பயிற்சி என்றார் வெங்கடபதி. அதேதான் என்றார் உமர் பாரூக். மேற்கொண்டு பேச இருவருக்கும் மூச்சு இல்லை.

இரண்டாவது வளைவில் இருவரும் ஒரே நொடியில் காலை ஊன்றினார்கள். பாய் களைத்துத் தெரிந்ததால் நின்றேன் என்றார் ஒருவர். ஓனர் முகம் சரியில்லாததால் நின்றேன் என்றார் மற்றவர். நித்யஸ்ரீ வெங்கடபதியின் பட்டனை அழுத்திப் பார்த்தார். சத்தமில்லை. உமர் பாரூக்கின் லீவரைத் தள்ளிப் பார்த்தார். ஆடுகிற பல்லைப் போல அது தொளதொளவென்று போய் வந்தது.

"ரெண்டுமே போயிருச்சுங்ணா" என்றார். "யாரு எந்தக் கட்சிக்கு மாறோணும்?"

ஆறு மாதத்துச் சண்டை முடிந்துவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்ன செய்வது என்ற திகில் இரண்டு முகங்களிலும் தெரிந்தது. முதலில் மீண்டவர் வெங்கடபதி.

"எனக்குச் சார்ஜ் போட்டாச் சரியாயிருமுங்க பாய். உங்களுக்கு அறுந்தது ஒட்டுமுங்களா?"

உமர் பாரூக்கின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "கம்பிய எந்த மூலைக் கடையிலயும் மாட்டிக்கலாமுங்க. இந்தக் காட்டுல உங்களுக்கு ப்ளக்கு எங்கீங்க ஓனரே இருக்குது?"

அவ்வளவுதான். எவருடைய கியர் மேலானது என்ற வழக்கு தள்ளுபடியாகி, எவருடைய பழுது மேலானது என்ற புதிய வழக்கு அங்கேயே விசாரணைக்கு வந்தது. சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு, தோளோடு தோள் உரச, ஆனைகட்டி வரை சந்தோஷமாக வாதாடிக்கொண்டே நடந்தார்கள். நித்யஸ்ரீ அவர்களுக்கு முன்பே மேலே போய், டீ குடித்து, இறங்கியும் வந்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சரி. ஒரே ஒரு கேள்வி. கம்பியா பேட்டரியா என்று அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டபோது, ஒருவர் சொன்னதற்கு மட்டும் உங்கள் தலை லேசாக ஆடியதல்லவா? மற்றவருக்கு இன்னும் நறுக்கென்று ஒரு பதில் சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றியதல்லவா? ஜாக்கிரதை. இந்தக் கட்சியில் சேரச் சைக்கிள்கூட வேண்டியதில்லை.