தையலைத் தாங்கிய தாங்கி

"இனிமேல் இந்த வீட்டில் ஒரு பாட்டும் குதிக்கக் கூடாது!" என்று கண்ணாடிக்காரர் சபதம் செய்தபோது, அவருடைய பாதி முகத்துக்குத்தான் சவரம் முடிந்திருந்தது. நுரை அப்பிய மீதி முகம் அந்தச் சபதத்துக்கு ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

காரணம் இல்லாமல் அவர் கொதிக்கவில்லை. கூடத்தில் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. புல்லாங்குழல்காரர் ஒரு நீண்ட மூச்சை எடுத்து, மெல்ல மெல்ல மேலே ஏறி, உச்சியைத் தொடப்போகும் சமயம் 'டர்ர்ர்' என்று தரை நடுங்கியது. ரெக்கார்டு பிளேயரின் ஊசி ஒரு துள்ளு துள்ளியது. புல்லாங்குழல்காரர் உச்சியைத் தொடாமலே அடுத்த பாட்டில் போய் விழுந்தார்.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால்தான் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். பிழைப்பு கண்ணில், பித்து காதில். கடையை மூடிவிட்டு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இசைத்தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வருகிறவர்களிடம் "கண் எப்படி இருக்கு?" என்று கேட்க மறந்து, "காது எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்ட நாட்களும் உண்டு.

அவர் மனைவி ஜன்னல் திரைகளும் சோபா உறைகளும் தைத்துக் கொடுப்பவள். கைநிறைய வேலை. ஆகவே அந்த வீட்டில் இரண்டு ஊசிகள். ஒன்று பாட்டுப் பெட்டியில், ஒன்று தையல் மெஷினில். மாடி வீடு, மரத்தளம், இரண்டு ஊசிக்கும் ஒரே கூடம். தையல் ஓடினால் இசை ஓடாது. இசை ஓடினாலும் தையல் நிற்காது.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டர் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். டாக்டருக்கும் அதே பித்து, ஆனால் வசதியான பித்து. அவருடைய ரெக்கார்டு பிளேயர் ஒரு கனத்த ஸ்டாண்டின் மேல் அரசன் மாதிரி உட்கார்ந்திருந்தது. மணல் நிரப்பிய இரும்புத் தூண்கள். மேலே கருங்கல் பலகை. பலகையின் மேல் ஸ்பிரிங் வைத்த குட்டிக் குட்டித் தாங்கிகள்.

"குதிங்க சார்" என்றார் டாக்டர்.

"எங்கே?"

"இங்கேயே. தரையில. பயப்படாம குதிங்க."

கண்ணாடிக்காரர் குதித்தார். அலமாரியில் இருந்த கோப்பைகள் எல்லாம் கலகலத்தன. பாட்டு மட்டும் அசையவில்லை.

"ஆடுற பல்லும் ஆடுற பாட்டும் ஒண்ணுதான் சார். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் வேர் கெட்டியா இருக்கணும்" என்றார் டாக்டர். "உங்க வீட்டுல எதுமேல வச்சிருக்கீங்க?"

பழைய செருப்பு அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஒரு ஏற்பாடு நடந்துட்டிருக்கு" என்றார்.

"அப்போ வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வந்து கேக்குறேன்!"

சபதத்துக்கு இதுதான் பின்னணி. சவரத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு அவர் மனைவியிடம் போனார். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு திரையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, நம்ம பாட்டுப் பெட்டிக்கு ஐசொலேஷன் வேணும்."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "ஐசொலேஷன்னா ஆஸ்பத்திரியில தனியாப் போடுறதுதானே? அதுக்கு என்ன ஒட்டுவாரொட்டி வந்திருக்கு?"

"விளையாடாதே. அதிர்வு ஏறாம இருக்க ஒரு தாங்கி."

"இத்தனை வருஷமா உங்களையே நான் தாங்கறேன். எனக்கு யாராவது ஸ்பிரிங் வச்சாங்களா?"

"டாக்டர் வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு கருங்கல் ஸ்டாண்டுதான் கேக்குறேன்!"

"சாப்பாட்டு மேசை நாற்காலி ஆடுது. காலுக்கு அடியில அட்டைய மடிச்சு வச்சிருக்கோம். மனுஷன் உக்கார்றதுக்கு அட்டை, பாட்டு உக்கார்றதுக்குக் கருங்கல்லா?"

"பாட்டுக்கு மென்மையான மனசும்மா."

"எனக்கு?"

இதற்குப் பதில் சொல்லி மீண்ட கணவன் யாரும் இல்லை. அவர் மீதி சவரத்துக்குத் திரும்பினார். போகும்போது அவள் சொன்னது முதுகில் வந்து விழுந்தது. "போன தடவை தோட்டத்துக் குழாய் கணக்கா ஒரு ஒயர் வாங்கிட்டு வந்தீங்க. பாம்புன்னு நினைச்சு நான் அடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்."

அன்று கடையில் அவருக்கு வேலையே ஓடவில்லை. வந்தவருக்கு எழுத்துப் பலகையைத் தலைகீழாக மாட்டினார். வந்தவர் அதையும் சரியாகப் படித்துவிட்டார் என்பது வேறு விஷயம். மத்தியானம், ஒரு கிழவருக்குக் கண்ணாடிச் சட்டம் மாட்டிப் பார்க்கும்போதுதான் யோசனை உதித்தது.

கிழவருக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. "எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்கோங்க" என்றார்.

நீங்களே வச்சுக்கோங்க! ஆகா!

அடுத்த வாரம் மனைவிக்குப் பிறந்தநாள். ஸ்டாண்டை அவளுக்கே பரிசாக வாங்கிவிட வேண்டியது. 'உன் தையல் மெஷினுக்கும்மா' என்று சொல்ல வேண்டியது. அவளுடைய மெஷின் மேசை இடுப்பு உயரம். இந்த ஸ்டாண்டோ அதைவிட ஒரு முழம் தாழ்வு. அதில் தைத்தால் முதுகு ஒடிந்துவிடும். அவள் உட்கார்ந்து பார்ப்பாள், நெளிவாள், 'எனக்குச் சரிப்படாதுங்க, நீங்களே வச்சுக்கோங்க' என்பாள். அவர் சற்று வருத்தப்படுவார். நிறைய வருத்தப்பட்டால் சந்தேகம் வரும், சற்று போதும். பிறகு வேறு வழியில்லாமல், வீணாகப் போகக் கூடாதே என்று, பாட்டுப் பெட்டியை அதன்மேல் வைப்பார்.

கடைக் கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சற்று வருத்தத்தை ஒத்திகை பார்த்தார். வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். போதும், நன்றாகவே வந்திருக்கிறது என்று முடிவு செய்தார்.

பிறந்தநாளன்று பெட்டி வந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் மாடிப்படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்கள். "உள்ளே என்னங்க, பக்கத்து வீடா?" என்று கேட்டான் ஒருவன். கண்ணாடிக்காரர் வாசலிலேயே மறித்து, பெட்டியின் ஒரு பக்கத்தில் இருந்த ரெக்கார்டு பிளேயர் படத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

ஸ்டாண்டைப் பூட்டி நிறுத்தினார். கருங்கல் பலகை பளபளத்தது. ஸ்பிரிங் தாங்கிகளை அதன்மேல் ஒவ்வொரு மூலைக்கும் ஒன்றாக அடுக்கி, மேலே சின்னப் பலகையை வைத்தார். வைக்கும்போது கை அவரை அறியாமல் தடவிக்கொடுத்தது.

"கண்ணைத் திறம்மா."

அவள் திறந்தாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்கா?"

"உனக்கேதான். உன் மெஷினுக்கு. நீ படுற பாடு எனக்குத் தெரியாதா?"

"இவ்வளவு நாளும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவே இல்லையேங்க!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரருக்கு உள்ளுக்குள் ஏதோ குத்தியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் சேர்ந்து மெஷினைத் தூக்கி வைத்தார்கள். அவள் உட்கார்ந்தாள். மெஷின் அவள் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. அவர் எதிர்பார்த்தபடியே நெளிந்தாள்.

"என்னம்மா, தாழ்வா இருக்கோ?" என்றார், சற்று வருத்தத்துடன்.

"ஆமாங்க. ரொம்பத் தாழ்வா இருக்கு."

"முதுகு வலிக்குமோ?"

"வலிக்கும்தான்."

"அடடா! அப்படின்னா..." அவர் காத்திருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வார்த்தை அவள் உதட்டு நுனிக்கு வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த சுழல் முக்காலியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கிறுகிறுகிறுவென்று அது கீழே இறங்கியது. மறுபடி உட்கார்ந்தாள். கால் பெடலை ஸ்டாண்டின் அடித்தட்டில் வைத்தாள். ஆம்ப்ளிஃபயருக்கென்று அவர் கனவு கண்டிருந்த தட்டு அது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குங்க!"

பெடலை அழுத்தினாள். ஊசி ஓடியது. சத்தமா அது? பூனை தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஒரு சின்ன 'ம்ம்ம்'. தரை நடுங்கவில்லை. கோப்பை கலகலக்கவில்லை. மேசைமேல் வைத்த தண்ணீர் டம்ளரில் ஒரு வளையம் கூட எழவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லும்மா. உனக்கு இது வேணாம்னா நான் வருத்தப்பட மாட்டேன்" என்று கடைசி முயற்சி செய்தார்.

"ஐயோ, நீங்க ஆசையா வாங்கித் தந்ததை வேணாம்னு சொல்வேனா? உயிரே போனாலும் தரமாட்டேன்."

அவர் செருப்பு அலமாரிப் பக்கம் போய் உட்கார்ந்தார். துக்கத்துக்கு ஆறுதல் இசைதானே என்று ஒரு தட்டை எடுத்து வைத்தார். அதே புல்லாங்குழல். மூச்சு எடுத்தது. ஏறியது. பின்னால் மனைவி முழுவேகத்தில் ஒரு திரையை அடித்துக்கொண்டிருந்தாள். இப்போது விழும், இதோ விழும் என்று அவர் கண்ணை இறுக மூடினார்.

விழவில்லை. புல்லாங்குழல் உச்சியைத் தொட்டது. தொட்டு, அங்கேயே நின்று, ஆடாமல் அசையாமல் நீண்டது. வாசிக்கிறவர் உதட்டை நனைத்துக்கொள்ளும் சின்ன ஓசை கூடக் கேட்டது. அந்தத் தட்டை வாங்கிய நாளிலிருந்து அவர் கேட்டிராத ஓசை அது. கண்ணாடிக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷத்தில் எழுந்து நின்றே விட்டார். நின்ற பிறகுதான் உறைத்தது: பாட்டு குதிக்கவில்லை என்றால், ஸ்டாண்டு கேட்பதற்கு இனி அவரிடம் காரணமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். மனைவி தைத்துக்கொண்டிருந்த பெரிய திரை தரைவரை விழுந்து ஸ்டாண்டை முழுக்க மறைத்திருந்தது. உட்கார்ந்தார். தட்டு சுழன்றது. தாடை தொங்கக் கேட்டார். பிறகு எழுந்து, "குதிக்கலாமா?" என்று அனுமதி கேட்டார்.

"வேணாம் டாக்டர்" என்று கண்ணாடிக்காரர் பதறினார். மெஷினால் தரை நடுங்குவது நின்றதே தவிர டாக்டர் குதித்தால் என்ன ஆகுமோ யார் கண்டது?

"அவ்வளவு நம்பிக்கையா! அந்தப் பக்கம் மெஷின் ஓடுது, இந்தப் பக்கம் பாட்டு பாறை மாதிரி நிக்குது. எங்கே சார் தாங்கி?" டாக்டர் முட்டி போட்டு, சட்டைப்பையில் இருந்து சின்ன டார்ச்சை எடுத்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போலச் செருப்பு அலமாரிக்குள் பார்த்தார். உள்ளே இரண்டு ஜோடிச் செருப்பு இருந்தது. ஒன்றை எடுத்து அமுக்கியும் பார்த்தார். "ரப்பர்! பிரமாதம்! இதுதான் ரகசியமா?"

கண்ணாடிக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டாக்டர் செருப்பின் அளவை மனதில் குறித்துக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டு, யோசனையோடு படியிறங்கினார்.

கதவைச் சாத்தியதும் இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாவம், நாளைக்கு அந்த மனுஷன் கருங்கல்லை எடுத்துட்டுச் செருப்பை வைக்கப்போறார்" என்றாள் அவள். சிரித்த சிரிப்பில் கண்ணாடிக்காரருக்கு மனம் இளகிவிட்டது.

"உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்மா. அந்த ஸ்டாண்டு..."

"பாட்டுப் பெட்டிக்கு வாங்கினது. தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பெட்டியில ஒரு பக்கத்துப் படத்தைத்தான் சுரண்டினீங்க. பெட்டிக்கு எத்தனை பக்கம்? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க, ஒண்ணை நீங்களும் மாட்டிக்கக் கூடாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் கையைப் பிடித்து, "போகட்டும் விடுங்க. அடுத்த வாரம் உங்க பிறந்தநாள். நானும் ஒரு பரிசு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "என்னம்மா?"

"பாட்டுப் பெட்டி வைக்க ஒரு மேசை. நல்ல கனமான மரம். நீள அகலமா இருக்கும். பார்த்தா துணி வெட்டுற மேசை மாதிரியே இருக்கும்."

கண்ணாடிக்காரர் இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. முந்திக்கொண்டார். "ரொம்பப் பிடிச்சிருக்கு! அருமையான பரிசு! எவ்வளவு பெருசா இருந்தாலும் நானேதான் வச்சுக்குவேன். உயிரே போனாலும் தரமாட்டேன்!"

"அப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்" என்று அவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "அதான் பாட்டுப் பெட்டி இருக்கிற உங்க மூலையை முதல்ல அளந்துட்டு, அதைவிட ஒரு சாண் நீளமாச் செய்யச் சொன்னேன்."