பொருந்தும்வரை வெட்டித் தரப்படும்

கிரில் இரண்டாவது முறையும் பொருந்தவில்லை என்று சொல்ல ஓவிய வாத்தியார் வந்தபோது, மில்லிமீட்டர் தன் லேசர் மெஷினின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மில்லிமீட்டர் என்பது தெருவே கூடி வைத்த பெயர். மெஷின் வாங்கிக் கடை போட்ட நாளிலிருந்து, சென்டிமீட்டரில் பேசுகிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. பக்கத்துக் கடைத் தச்சர் காதில் செருகியிருக்கும் பென்சிலைப் பார்த்தால் போதும், அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: 'பொருந்தும்வரை வெட்டித் தரப்படும். மறுமுறை வெட்டக் கட்டணம் இல்லை.' பலகை வைத்து இரண்டு வருஷமாகியும் யாரும் மறுமுறை வந்ததில்லை. அதற்குக் காரணம் தன் துல்லியம் என்று அவர் நினைத்தார். முதல்முறை வந்தவர்களே குறைவு என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

வாத்தியார் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பழங்காலத்து வால்வு ரேடியோ இருந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் மர கிரில்லைப் பூச்சி அரித்துவிட்டது. அளவைச் செய்தித்தாளில் வரைந்து எடுத்து வந்தார். மில்லிமீட்டர் அதன்படியே ப்ளைவுட்டில் வெட்டிக் கொடுத்தார். சின்னதாகப் போய்விட்டதாம். வாத்தியார் வேறொரு தாளில் வரைந்து வந்தார். இப்போது பெரிதாம்.

"எவ்வளவு பெருசு?"

"ஒரு விரக்கடை இருக்கும் தம்பி."

மில்லிமீட்டருக்கு உடம்பு கூசியது. "யாரோட விரல், எந்த விரல்னு சொல்லாம விரக்கடைன்னா நான் என்ன சார் பண்றது?"

"தப்பு என்னோடதாத்தான் இருக்கும். ஒருவேளை மெஷின்லயும் லேசா..."

"மெஷின் தப்பு பண்ணாது."

"அதானே. எவ்வளவு பெரிய மெஷின்."

மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி திரும்பினாள். கடையில் வரைபடம் போடுவதெல்லாம் அவள்தான். மெஷினுக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பது மட்டும் அவர் வேலை.

"அப்ப அவர் குடுத்த அளவுதான் தப்பு. இந்தத் தடவை காசு வாங்கிட்டு வெட்டுங்க."

"வாசல் பலகையில என்ன போட்டிருக்கு?"

"தெரியும். நான்தான் டைப் பண்ணேன்."

"அப்ப சும்மா இரு."

வாத்தியார் பொருந்தாத கிரில்லைப் பழைய துணியில் பத்திரமாகச் சுற்றினார். "இது இங்க கிடந்தா, பார்க்கறப்பல்லாம் உங்களுக்கு மனசு கஷ்டப்படும். நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

மில்லிமீட்டர் நெகிழ்ந்துபோனார். வாத்தியார் போன பிறகு மனைவியிடம் சொன்னார்: "பண்பான மனுஷன். என்ன, அளக்கத்தான் துப்பில்ல. இவர்கிட்டப் படம் வரையக் கத்துக்கிட்ட பசங்க இன்னைக்கு என்ன கதியில இருக்கானுங்களோ."

மூன்றாவது தாளில் மூலைகள் வளைந்திருந்தன.

"முதல்ல மூலை சதுரமாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"பழைய மரம் ஈரத்துல ஊதும். உனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் தாள் சொன்னபடி வெட்டினார். அது பொருந்தவில்லை. ரேடியோவையே தூக்கி வரச் சொன்னார். ஆட்டினால் வால்வுகள் உடைந்துவிடும் என்றார் வாத்தியார். அப்படியானால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து வரட்டும் என்றார் மில்லிமீட்டர். அந்தப் போட்டோவை வைத்து வெட்டிய நான்காவதும் வாத்தியாரோடு வீட்டுக்குப் போய்ப் பொருந்தவில்லை என்ற செய்தியாகத் திரும்பியது.

அன்று மில்லிமீட்டர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஸ்கேலின் முனை உடைந்திருந்தது. எண்கள் இரண்டிலிருந்துதான் ஆரம்பித்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. தச்சரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

"பார்த்தீங்களா, தப்பு எங்க இருக்குன்னு? மொட்டை ஸ்கேல்."

தச்சர் பார்த்தார். "எதுக்கு இந்தப் பாடு? நான் சாயங்காலம் அந்தப் பக்கம்தான் போறேன். அவர் வீட்டுக்குள்ள போய் அளந்துட்டு வந்துடறேனே."

"எதால? காதுல இருக்கற பென்சிலாலயா?"

தச்சர் பென்சிலைக் காதில் சரியாகச் செருகிக்கொண்டு தன் கடைக்குப் போனார்.

"நீங்களாவது ஒரு நடை போய்ப் பார்க்கலாமில்ல?" என்றாள் மனைவி.

"நானா? மெஷின் வெச்சிருக்கறவன் வீடு வீடாப் போய் அளவெடுத்தா, அப்புறம் எனக்கும் தையல்காரனுக்கும் என்ன வித்தியாசம்?"

வாத்தியாருக்குப் புது எஃகு ஸ்கேல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தனுப்பினார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப்போனார். ஐந்தாவதும் பொருந்தவில்லை.

இப்போதுதான் மில்லிமீட்டருக்கு முதல்முறையாக மெஷின்மேல் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த இடத்தில் ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவரோ ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மூடியைக் கழற்றினார், கம்பிகளைத் தளர்த்தினார், உள்ளே இருந்த கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பி வைத்தார், ஒன்றைக் கீறினார். எல்லாவற்றையும் பழையபடி பூட்டிய பிறகு நான்கு ஸ்குரூ மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று சொல்லி அவற்றை மேசை டிராயரில் போட்டார்.

அடுத்த நாள் வெட்ட வேண்டியிருந்தது ஒரு மருத்துவமனைக் கதவுகளுக்கான பெயர்ப் பலகைகள், நூற்றிருபது. கடை திறந்த நாளிலிருந்து கிடைத்த ஒரே பெரிய வேலை. மனைவி எட்டு மாதம் அலைந்து பிடித்தது. நூற்றிருபதும் ஒரே சீராக வலப்பக்கம் சரிந்திருந்தன. மருத்துவமனை மேலாளர் ஒன்றைக் கையில் வாங்கி, கழுத்தைச் சாய்த்துப் படித்தார்.

"எங்க நோயாளிங்களுக்கு இருக்கற வியாதி போதும்மா. கழுத்து வலி வேற வேண்டாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மெஷின் கம்பெனி ஆளை மனைவியே வரவழைத்து, டிராயரிலிருந்த ஸ்குரூக்களை எடுத்துக் கொடுத்தாள். அவன் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் நேராக்கினான். "கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பதில் புதுசு கூரியர்ல வரும், அதுவரைக்கும் இதுலயே வெட்டலாம். மெஷின் முன்னாடியும் சரியாத்தான் இருந்திருக்கும், நீங்க தொடறவரைக்கும்" என்றான்.

"பார்த்தியா?" என்றார் மில்லிமீட்டர். "மெஷின் தப்பு பண்ணாதுன்னு நான் முதல் நாளே சொன்னேன்."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

ஆறாவது கிரில் நூலளவு பெரிதாக இருந்ததாம். வாத்தியார் கைகூப்பினார். "விட்டுடலாம் தம்பி. எனக்காக நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க."

"விடறதா? ஒரு மரத்துண்டு என்னைத் தோக்கடிக்கிறதா? அடுத்த தாளைக் கொண்டாங்க சார்."

வாத்தியார் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து எடுத்தார். தயாராகத்தான் வரைந்து வைத்திருந்தார்.

ஏழாவது பொருந்தியது.

சேதி சொல்ல அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மில்லிமீட்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒரு கிரில்லுக்கு உரிய பணத்தைக் கொடுத்தார். அழகான கையெழுத்தில் ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார்: 'இவரைப் போன்ற பொறுமைசாலியை நான் கண்டதில்லை.' மில்லிமீட்டர் அவரோடு கைகுலுக்கிப் போட்டோ எடுத்து, கடிதத்தையும் போட்டோவையும் ஒரே சட்டத்தில் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார். தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். போகிற வருகிறவர்களை நிறுத்தி, விடாமுயற்சியைப் பற்றிப் பேசினார்.

மறுநாள் கண்ணாடிப் பார்சலோடு கூரியர்காரர் வந்தார். மனைவி கையெழுத்துப் போடும்போது அவர் சுவரிலிருந்த போட்டோவை உற்றுப் பார்த்தார்.

"இவரை எனக்குத் தெரியுமே" என்றார்.

"தெரியாம இருக்குமா? என்னோட கஸ்டமர்" என்று மில்லிமீட்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "அவரோட ரேடியோவுக்கு ஏழு தடவை வெட்டி, கடைசியில பொருத்திக் காட்டினேன்."

"எந்த ரேடியோவுக்கு சார்?" என்றார் கூரியர்காரர். "நேத்து பார்சல் எடுக்க அவர் வீட்டுக்குப் போனப்ப, விக்கறதுக்கு ஏழு ரேடியோ வரிசையா வெச்சிருந்தார், ஏழும் ஏழு அளவு, ஏழுக்கும் புது கிரில், ஒண்ணுகூட ஒரு மில்லிமீட்டர் பிசகல."