மின்மினி அண்ணையின் கப்பல் லைட்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ தேசத்துக் கப்பல்கள் வெளிச்சவீட்டைத் தேடி வந்து போயிருக்கின்றன. ஆனால் வெளிச்சத்துக்காக மின்மினி அண்ணை அலைந்த அலைச்சலில் பாதியைக்கூட எந்தக் கப்பல்காரனும் அலைந்திருக்க மாட்டான். இதை நான் அடித்துச் சொல்வேன். அவருடைய காருக்கு வயரிங் செய்தவன் நான்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லாவிட்டால் கதை விளங்காது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் உட்துறைமுகப் பக்கம் கார் வயரிங் கடை போட்டு, இந்தக் கையால் நான் தொட்டு எரியாத லைட் இந்த மாவட்டத்தில் கிடையாது. படித்த இஞ்சினியர்மார் படம் கீறிப் பார்த்துக் கைவிட்ட வாகனத்தையும் நான் வயரை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தே சரி செய்திருக்கிறேன். கடைப் பலகையில் ‘எரியாததை எரிய வைப்போம்’ என்று பெரிதாக எழுதியிருந்தேன். யுத்தகாலத்தில் இப்படியா எழுதுவது என்று ஒரு பொலிஸ்காரர் வந்து கேட்ட பிறகு ‘எரியாத லைட்டை’ என்று திருத்தினேன்.

மின்மினி அண்ணை ஹயர் கார் ஓடினவர். தாய் தகப்பன் வைத்த பெயரை நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு ஏ-போர்ட்டி இருந்தது. பழைய இங்கிலீசுக் கார், ஏறக்குறைய அவருடைய வயது. அதன் முன் லைட் எரிகிறதா இல்லையா என்று அறிய கண்ணாடியில் கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். பட்டப்பெயர் அப்படி வந்தது.

மனுசன் ஓரிடத்தில் நிற்க மாட்டார். பிளேன்ரீயை நடந்துகொண்டே குடிப்பார். உட்காரக் கதிரை கொடுத்தால் அதைச் சுற்றி வருவார். கார் ஓடும்போதும் கிளட்சுக்கு வேலையில்லாத நேரமெல்லாம் இடதுகால் ஆடிக்கொண்டே இருக்கும். பின்னால் இருப்பவர்களுக்குத் தையல் மெஷினில் ஏறிப் போவது போல இருக்கும்.

அவருக்கு இருந்தது ஒரேயொரு நிரந்தர ஹயர். தம்பலகாமத்துப் பள்ளிக்கூடத்துக்கு டவுனிலிருந்து மூன்று ரீச்சர்மாரைக் காலையில் ஏற்றிப்போய்ப் பொழுதுபடத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சண்டைக்காலத்தில் வேறு எவன் ஊர் சுற்றக் கார் பிடிப்பான்? அந்த ஹயர் இல்லையென்றால் அவருடைய வீட்டு அடுப்பில் பூனைதான் படுக்கும்.

மாரிகாலத்தில் பின்னேர வகுப்பு முடிய, வானம் மூடிவிடும். அப்படி ஒரு நாள் தம்பலகாமம் தாண்டும்போது நடுத்தெருவில் லைட் இல்லாமல் ஒரு லொறி நிற்பதைக் கண்டு அண்ணை ஹோன் அடித்திருக்கிறார். லொறி அசையவில்லை. கண்ணாடியை இறக்கி, “டேய், தெரு என்ன உன்ர கொப்பன்ரையே?” என்று சத்தம் போட்டிருக்கிறார். லொறி திரும்பித் தும்பிக்கையைத் தூக்கியது. ஏ-போர்ட்டி ரிவேர்சில் அவ்வளவு வேகம் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

மூன்று பேரில் மூத்தவர் கணக்கு ரீச்சர். அவர் கதைத்தால் கரும்பலகையில் கோடு கீறினதுபோல நேராக இருக்கும்.

“அண்ணை, எங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கு. திங்கட்கிழமை உந்தக் காருக்கு ஒழுங்கான லைட் வேணும். இல்லாட்டி நாங்கள் வான் பிடிக்கிறம்.”

அண்ணை நேரே என் கடைக்கு வந்தார். கடையை மூன்று சுற்றுச் சுற்றினார்.

“தம்பி, சீனன்குடாச் சந்தியில ஒரு வெள்ளைக்காரற்ற ஜீப்பைக் கண்டனான். பால் மாதிரி வெளிச்சம் ஐயா! மறிச்சுக் கேட்டனான். செனோன் லைட் எண்டு சொன்னாங்கள். எனக்கு அது வேணும்.”

“அண்ணை, உது இந்தக் காலத்துக் காருக்குப் பூட்டுறது. உங்கட கார் என்ர அப்பாவையும் ஏத்தினது.”

“அப்ப, உமக்கு ஏலாது?”

அந்தச் சொல்லை என்னிடம் சொல்லக்கூடாது. “எனக்கோ ஏலாது?” என்றேன். அத்தோடு மாட்டிக்கொண்டேன்.

கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய், அடிபட்ட காரொன்றிலிருந்து கழற்றின செட் ஒன்றை அண்ணை கொண்டுவந்தார். அதற்காக மனுசியின் காப்புச் சோடி ஒன்று அடகுக்குப் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு பல்ப், இரண்டு கறுப்புப் பெட்டி. பெட்டிதான் மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏற்றிப் பல்பை மூட்டும். அந்தக்காலத்து இங்கிலீசுக் காரில் பிளஸ்தான் காரின் தகர உடம்புக்குப் போகும், மற்றக் கார்களுக்குத் தலைகீழ். தெரியாதவன் பூட்டினால் பெட்டி புகையும். நான் பூட்டினேன், புகையவில்லை. பெட்டிகளுக்கு நல்ல லைன் ஒன்று தேவைப்பட்டது. கூரைப் பக்கம் ஒரு வயர் சும்மா போய்க்கொண்டிருந்தது. வெட்டித் திருப்பினேன். எல்லாவற்றையும் கறுப்பு ரேப்பால் இறுக்கிச் சுற்றினேன். வேலை என்றால் அது வேலை.

சனிக்கிழமை பொழுதுபட வெள்ளோட்டம். அண்ணை கடைச் சுவரில் பேப்பரின் மரண அறிவித்தல் பக்கத்தை ஒட்டிவிட்டுக் காரைப் பின்னுக்கு எடுத்தார். சுவிச்சைப் போட, முதலில் ஊதா, பிறகு நீலம், பிறகு ஒரே வெள்ளை. அவர் காரடியில் நின்றபடி, “மருமக்கள் பேர் வரைக்கும் தெரியுது தம்பி!” என்று துள்ளினார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. எதிர்த் தையல்கடைக்காரர் ஓடிவந்தார்.

“அண்ணை, காரைக் கொஞ்சம் இப்பிடித் திருப்பி விடுங்கோ. ரெண்டு சேட்டுக்குக் காஜா எடுக்கக் கிடக்கு.”

திங்கட்கிழமை என் கைவேலையை ரீச்சர்மார் பார்த்து வியப்பதைப் பார்க்க நானும் முன் சீற்றில் ஏறினேன். காலையில் போனது வெயிலில். பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. வகுப்பு முடிந்து திரும்பும்போது நாலு பக்கமும் இருட்டு, நடுவில் எங்கள் வெள்ளை வெளிச்சம். தெருவில் கிடந்த நண்டின் கண்கூடத் தெரிந்தது. கணக்கு ரீச்சர், “பரவாயில்லை” என்றார். அவர் வாயில் அது நூற்றுக்கு நூறு. அண்ணையின் கால் சந்தோசத்தில் காரையே ஆட்டியது.

கப்பல்துறைச் சோதனைச்சாவடி வந்தது.

அந்த நாட்களில் சாவடிக்குக் கிட்டப் போனால் முன் லைட்டை அணைத்து, உள் லைட்டைப் போட வேண்டும். காவல் நிற்கிறவனுக்குக் கண் கூசக்கூடாது, உள்ளே இருப்பவர்களின் முகம் தெரிய வேண்டும். இங்கே மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. அண்ணை முன் லைட்டை அணைத்தார். உள் லைட்டைப் போட்டார்.

எரியவில்லை.

மறுபடி போட்டார். கார் முழுக்க இருட்டு. அப்போதுதான் நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். கூரைப் பக்கம் சும்மா போன வயர்.

வெளியே சத்தம் எழுந்தது. துவக்குகள் சடக் சடக்கென்றன. எங்களை ஒவ்வொருவராகக் கையைத் தூக்கச் சொல்லி மழையில் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரப் பொடியன் பொனட்டைத் திறந்து டோர்ச் அடித்தான். கறுப்பு ரேப் சுற்றிய இரண்டு கறுப்புப் பெட்டி, நாலு பக்கமும் வயர். பொடியன் கத்திக்கொண்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தான். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு அதிகாரியின் குரல் வந்தது.

“யாரு இது பூட்டினது?”

இருபது வருசமாக இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்து பதில் சொன்னவன் நான். சந்தையில், கோயிலில், செத்தவீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கையைத் தூக்கியபடியே ரீச்சர்மாருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“நான்தான் சேர்,” என்றார் மின்மினி அண்ணை. சிங்களத்திலும் சொன்னார், “மம. நான்தான் பூட்டினனான். லைட் சேர், வெறும் லைட்.”

திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத மனுசன்!

கணக்கு ரீச்சர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

லைட் என்றால் எரித்துக் காட்டு என்றார்கள். எங்களை எல்லாம் தூரத்துக்கு விலக்கிவிட்டு, அண்ணையை மட்டும் காருக்கு அனுப்பினார்கள். அத்தனை துவக்கும் அவர் பக்கம். கதவைத் திறந்து உட்கார்ந்தார். நான் அவருடைய காலைப் பார்த்தேன். ஆடவில்லை. பிறந்ததிலிருந்து அசைந்துகொண்டிருந்த மனுசன் கல்லுப்போல இருந்து சுவிச்சைப் போட்டார்.

ஊதா. நீலம். வெள்ளை.

சாவடி முழுக்கப் பகலானது. மண்மூட்டை, அதன்மேல் ஒரு தேத்தண்ணிக் கேத்தில், கொடியில் நனைகிற சாரம், இடுப்பளவு வாய்க்கால் தண்ணீரில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்ற பொடியன். யாரோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வாய்க்காலில் நின்றவனும் சிரித்தான். அதிகாரி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“மாமா, இது காருக்கு இல்ல. கப்பலுக்கு போடுற லைட். இப்பவே கழட்டு. நீதானே பூட்டினது?”

அண்ணை திருகாணிச்சாவியை வாங்கி, ரீக்கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு என்னை அதட்டினார்.

“என்ன தம்பி, மரம் மாதிரி நிக்கிறீர்? வந்து குடையைப் பிடியும்!”

குடையைப் பிடித்தபடி நான் அவர் காதுக்குள் சொன்னேன். “இடப்பக்க ஆணி... அது ரேடியேற்றர் அண்ணை... மற்றது... ஐயோ, சிவப்பைத் தொடாதேங்கோ.” அரை மணித்தியாலத்தில் இரண்டு பெட்டியும் வெளியே வந்தன. உள் லைட்டின் வயரையும் குடைக்குக் கீழே இருந்தே சேர்ப்பித்தேன். அப்போதும், “நான் பார்க்கிறன், விடுங்கோ” என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

முன் லைட் இல்லாமல், அதிகாரி மறித்துத் தந்த பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தோம். உள் லைட் மட்டும் எரிந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்த பொம்மைகள் மாதிரி ஐந்து பேரும் இருந்தோம். மறைய இடமில்லை.

“தம்பி, உங்கட கடைப் பலகையில என்ன எழுதியிருக்கு?” என்று கணக்கு ரீச்சர் கேட்டார். நான் வெளியே மழையைப் பார்த்தேன். அவர் முன்பக்கம் திரும்பினார். “அண்ணை, வான் வேண்டாம். மாரி முடியும் வரைக்கும் வகுப்பை ஒரு மணித்தியாலம் முந்தி முடிப்பம். அதிபரோட நான் கதைக்கிறன். எங்களுக்கு நீங்கள் காணும்.”

அண்ணையின் கால் மெல்ல ஆடத் தொடங்கியது.

கடை வாசலில் என்னை இறக்கும்போது கேட்டேன். “ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“உம்மைக் கொண்டுபோனா என்ர காருக்கு ஆர் ஐயா வயரிங் செய்யிறது?” என்றார். சொல்லிவிட்டு என் பதிலுக்கு நிற்கவில்லை. அவர் எதற்குத்தான் நின்றார்?

அண்ணை கண்மூடிக் கனகாலம். இப்போது கப்பல்துறையில் சாவடியும் இல்லை, மண்மூட்டையும் இல்லை. என் வான் வண்டியில் கம்பனியே பூட்டித் தந்த வெள்ளை லைட். ஆனாலும் பொழுதுபட்டு அந்த வழியால் வந்தால், அந்த இடத்தில் முன் லைட்டை அணைத்து, உள் லைட்டைப் போடுகிறேன். மழைக்கும் மரங்களுக்கும் என் முகம் தெரிகிற மாதிரி இருந்துகொண்டு, வாய்விட்டே சொல்கிறேன்:

“நான்தான் சேர் பூட்டினனான்.”