அடியில் படிந்த பாவம்

ஞாயிற்றுக்கிழமை காலை. அடையாறு கல்யாண மண்டப வாசலில் தொடங்கிய வரிசை பேருந்து நிறுத்தத்தையும் தாண்டிப் போனது. கல்யாணம் இல்லை; சாப்பாடும் இல்லை. தெளிவானந்த சுவாமிகள் அவரவர் பாவத்தை அவரவர் கண்ணுக்கே காட்டுகிறார்.

காட்டும் முறை எளிது. சீடன் மகேஷ் பக்தரின் உள்ளங்கையில் திருமண் பூசுவான். பக்தர் கண்ணாடிக் குடுவைக்குள் கையைக் கழுவுவார். தண்ணீர் பால்போல் கலங்கும். அதுதான் பாவம் என்பார் சுவாமிகள். பன்னீர் மணக்கும் தீர்த்தத்தில் சில சொட்டு விட்டுக் கலக்குவார். ஐந்து நிமிடத்தில் கலங்கல் திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரைப் பக்தர் குடித்துவிட வேண்டும். காரில் வந்தவர்களுக்குத் திருமண் தாராளமாகப் பூசப்பட்டது. அவர்களுக்குப் பாவம் அதிகம் என்பதில் நமக்கும் ஆட்சேபணை இல்லை.

கன்னியம்மா பாவம் கழுவ வரவில்லை. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் எட்டுப் பெண்களோடு ஒரு கொட்டகை நடத்துகிறாள். கடற்கரையில் கொட்டிக் கிடந்து நாறிய இறால் ஓட்டை அள்ளிவந்து, பதப்படுத்தி, மாவாக அரைத்து விற்கிறார்கள். வினிகரில் கரைத்து விட்டால் கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் மாவு அது. அந்தக் கொட்டகையை மூடச் சொல்லித்தான் பக்கத்து அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் கிச்சா மனு எழுதியிருந்தார். நாளை மாநகராட்சியில் கொடுக்கப் போகிறார். எட்டு வீட்டில் உலை ஏறுவது அந்தக் காகிதத்தைப் பொறுத்திருந்தது. சுவாமிகள் அதற்கு ஆசியும் வழங்கிவிட்டார். ஆசிக்கென்ன, கைச்செலவா?

வரிசையில் நின்ற கிச்சாவிடம் அவள் கெஞ்சினாள். ஓட்டை அன்றன்றே பதப்படுத்துகிறோம், ஒருமுறை வந்து பாருங்கள் என்றாள்.

"பதினோரு வாரமா இங்க வந்து உடம்பச் சுத்தம் பண்ணிண்டிருக்கேன். ஆத்துக்குப் போனா ஜன்னல் வழியா இறால் வாடை. நாங்க எப்படிம்மா இருக்கறது?" என்றார் கிச்சா.

அதற்குள் அவர் முறை வந்தது. பின்னாலேயே போன கன்னியம்மா, குடுவையில் வெண்மை திரண்டு இறங்குவதைப் பார்த்தாள். பன்னீருக்குள்ளிருந்து வினிகர் வாடை வந்தது. மகேஷை ஏற இறங்கப் பார்த்தாள். கோயில் குளத்துக்கு என்று சொல்லி மாதாமாதம் அவளிடம் மாவு வாங்கிப் போகிறவன் அவன்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரைத்த மாவு பாட்டில் ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும். சாலைப் பள்ளத்தில் தேங்கிய சேற்று நீரைக் குடுவையில் மொண்டுவந்து, நான்கு சொட்டு விட்டுக் கலக்கி மேடையில் வைத்தாள். மண்டபமே கழுத்தை நீட்டிக் காத்திருந்தது. சேறு திரண்டு அடியில் படிந்தது; மேலே தண்ணீர் தெளிந்தது.

"ரோட்டுப் பள்ளம் இன்னா பாவம் பண்ணுச்சு சாமி?" என்றாள்.

பள்ளம் போட்ட ஒப்பந்தக்காரரின் பாவம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். சுவாமிகளோ அது வேறு கலங்கல், இது வேறு கலங்கல் என்றார். சரியென்று, அடுத்து நின்றவரைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, திருமண் பூசாமல் புதுக் குடுவையில் கையை விடச் சொன்னாள். அவர் தி.நகரில் வட்டிக்கடை வைத்திருப்பவர். தண்ணீர் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. அப்படியானால் இந்த ஊரில் பாவியே கிடையாது.

சுவாமிகள் திடீரென்று சமாதி நிலைக்குப் போனார். சமாதி நிலையிலேயே பின்வாசல் வழியாகக் காருக்கும் போனார். மகேஷ் அவருக்கு முன்பே வண்டியில் இருந்தான்.

தீர்த்தத்தில் இருந்ததும் மகேஷ் தன்னிடம் வாங்கிப்போன மாவுதான் என்றாள் கன்னியம்மா. அந்த மாவு எதில் செய்வது என்று ஓர் அம்மாள் கேட்டார். எறா ஓட்டில் என்றாள். அப்போதுதான் மண்டபம் கொதித்தது. ஏமாந்ததற்காக அல்ல, இறாலுக்காக. கிச்சா குழாயடிக்கு ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தார்.

"பதினோரு வாரம் வயித்துக்குள்ள போச்சு, நாறல. பேர் தெரிஞ்சதும்தான் நாறுதா சார்?" என்று கேட்டாள் அவள்.

கிச்சா ஈரக்கையால் சட்டைப்பையிலிருந்த மனுவை எடுத்து நாலாகக் கிழித்து அவளிடம் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அதே மண்டபத்துக்குப் பாவத்தை எடை போட்டுக் காட்டும் இன்னொரு சுவாமிகள் வருகிறாராம், முன்பதிவு முடிந்துவிட்டது. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க இறால் ஓடு போதும். கலங்கிய மண்டையை அவரவர்தான் யோசித்துத் தெளியவைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான மாவு கன்னியம்மாவிடமும் கிடையாது.