செலக்ஷன் சார் வீட்டு டீ

ஆம்பூர் என்ன, இந்த உலகத்திலேயே டீயைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்ல முயன்ற ஒரே ஆள் எங்கள் எதிர்வீட்டு செலக்ஷன் சார்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மற்றபடி அவர் விஷயத்தில் எல்லாமே சந்தேகம்தான்.

தோல் ஃபேக்டரியில் அவருக்குத் தரம் பிரிக்கிற வேலை. தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரிப்பார், தடவுவார், இழுப்பார், திருப்பிப் பார்ப்பார். பிறகு ஒண்ணாம் நம்பர், மூணாம் நம்பர், ரிஜெக்ட் என்று பின்பக்கம் எழுதுவார். அதற்குப் பெயர் செலக்ஷன். ரிடையர் ஆன பிறகும் கை நிற்கவில்லை. கத்தரிக்காய், சொந்தக்காரர்கள், சர்ச் பிரசங்கம் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கோட்டை மேடையிலேயே மடித்து உள்பக்கம் பார்த்துவிட்டார். அந்த வீட்டார் அப்புறம் அவரை எதற்கும் கூப்பிடவில்லை.

டீயில் அவர் இறங்கியது மனைவி மேரியக்காவால். டீயிலேயே உயிர் வாழ்ந்த மனுஷி. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்தார். “மண்ணு மாதிரி இருக்குதுங்க.”

அவ்வளவுதான். ‘நீ ரெஸ்ட் எடு’ என்று அக்காவை அடுப்பு பக்கமே விடாமல் சார் களத்தில் குதித்தார். மேரியக்கா ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடிக்கவேண்டும். அதுவரை ஓயமாட்டார். இத்தனைக்கும் அவர் பிறந்ததிலிருந்து காபி குடிக்கிறவர்.

கூரியரில் பச்சை டீ வந்தது. வெள்ளை டீ வந்தது. அது வெள்ளையாக இல்லை என்று கூரியர்காரரிடம் சண்டை போட்டார். பழைய ஃபேக்டரி தோஸ்த் ஒருவர் சுலைமானி போடச் சொல்லிக்கொடுத்தார். பால் கிடையாது, எலுமிச்சை பிழியவேண்டும். அந்த ஞாபகத்தில் சங்குப்பூ டீயிலும் எலுமிச்சையைப் பிழிந்தார். நீலமாக இருந்தது ஊதாவாக மாறிவிட்டது.

“சாயம் நிக்கல! ரிஜெக்ட்!” என்று அவர் போட்ட கத்தலில் தெருவே வெளியே வந்தது.

ருசி பார்க்கத் துணைக்கு ஆள் வேண்டும். நான்தான் ஆள். நான் ஆஸ்பத்திரி நர்ஸ். நைட் டியூட்டி முடித்து வந்து படுக்கிற நேரம் பார்த்துக் கதவைத் தட்டுவார்.

“சிஸ்டர், வெளிச்சம் நல்லா இருக்குது, வாங்க.”

“எனக்குத் தூக்கம் வருது சார்.”

“டீ குடிச்சா போய்டும்.”

“போவக்கூடாதுன்னுதான் சொல்றேன்!”

திட்டிக்கொண்டே போவேன். வடக்கு ஜன்னலில் டம்ளர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். சாய்ப்பார். ஊறிய இலையை விரித்து இரண்டு விரலால் இழுப்பார். பிறகுதான் ஒரு மிடறு. ஒன்றும் புரியாத முகத்தோடு என் பக்கம் தள்ளுவார்.

“பாடி எப்டி சிஸ்டர்?”

“யார் பாடி?”

“டீயோட பாடி. டைட்டா இருக்குதா, லூசா இருக்குதா?”

“தண்ணியா இருக்குது.”

“தண்ணின்னா மூணாம் நம்பரா, ரிஜெக்டா?”

அவரும் குழம்பி என்னையும் குழப்பி, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அக்காவிடம் கொண்டுபோவார். அக்கா ஒரு வாய் குடிப்பார். “மண்ணு மாதிரிதான் இருக்குது.”

ஒருநாள் ஜன்னல் ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். “இன்னா சிஸ்டர், அவளுக்கு ருசியே திரும்பாதா? காலம் பூரா தோல் பாத்தேன். பொண்டாட்டிக்கு ஒரு டீ செலக்ஷன் பண்ண முடியல.” எனக்குச் சுருக்கென்றது. அதற்கும் சேர்த்து அவர் மேல்தான் கோபம் வந்தது.

பிறகு ஒரு காலை. வானம் இருட்டிக்கொண்டு மழை. நல்ல தலைவலியோடு நானாகவே போய் டீ கேட்டேன்.

“இன்னிக்கு வெளிச்சம் கம்மி. செலக்ஷன் கிடையாது.”

வந்ததே எனக்கு ஆத்திரம்! விறுவிறுவென்று அவர் அடுப்படிக்குள் போனேன். சாதா டீத்தூளைக் கொட்டி, இஞ்சியைத் தட்டிப்போட்டு, பாலோடு பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நேராக அக்காவிடம் நீட்டினேன். சார் பின்னாலேயே ஓடிவந்தார்.

“சிஸ்டர், பாக்காம தரக்கூடாது! நம்பர் போடல!”

மேரியக்கா ஊதி ஊதிக் குடித்தார். நிறுத்தவே இல்லை. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

“மண்ணு?” என்றார் சார்.

“இன்னா மண்ணு? நாக்கு எப்பவோ சரியாப்போச்சி. டீதான் சூடா வர்ல. எல்லாம் ஜன்னல்லயே ஆறிப்போவுது.”

“ஏன்க்கா, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? என் தூக்கமெல்லாம் போச்சே!”

“எப்டிம்மா சொல்றது? எனக்காக அவ்ளோ நேரம் பாத்துப் பாத்து நிக்கறாரு.”

சார் கையை நீட்டினார். காலி டம்ளரை வாங்கினார். வெளிச்சமே இல்லாத ஜன்னலுக்குப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மார்க்கரை எடுத்து அடியில் ஏதோ எழுதினார். பிடுங்கிப் பார்த்தேன். மூன்று.

“மூணாம் நம்பரா?”

“இஞ்சி ஜாஸ்தி சிஸ்டர்.”

போன வருஷம் இருவரும் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார்கள். கிளம்பும்போது அந்த டம்ளரை என் கையில் திணித்துவிட்டுப் போனார். இப்போது யாரும் கதவைத் தட்டுவதில்லை. தூக்கம்தான் வந்தபாடில்லை. டியூட்டி முடித்து வந்தால் அந்த டம்ளரில்தான் டீ. விளக்கும்போது அடியில் மட்டும் கை வைக்கமாட்டேன்.

இஞ்சியையும் குறைத்துக்கொண்டேன்.