இடது நெற்றிக்கு மட்டும் மருந்து

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மாமாவுக்கு,

நலம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா சொல்வதால் கேட்கிறேன். உங்கள் முழங்காலும் அத்தையின் ரத்த அழுத்தமும் அளவுக்குள் இருக்கும் என நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முன்நெற்றி நீங்கலாக.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை எதையாவது சொல்லி உங்கள் வீட்டுக்கு வரவழைத்து, இருட்டும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். பரணைச் சுத்தம் செய்யணும், பீரோவை நகர்த்தணும், எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். போனில் பேசினால் அவன் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

காரணம் அவன் தலை. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே தண்ணீர், ஒரே சோப்பு. அவன் தலைக்குள் போன சீப்பு வெளியே வர வழி தேடுகிறது. அவனுக்கு அப்பாவின் தலை வாய்த்தது, எனக்கு இருபத்தெட்டு வயதிலேயே உங்கள் தலை. குறையாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறேன். குளித்துவிட்டு வந்து தலையை உதறுவதோடு விடாமல், "முடி ரொம்ப அடர்த்தி, வெயில்ல வேகுதுண்ணா" என்று என்னிடமே வந்து அழுகிறான். வேகட்டும்.

அந்த ஞாயிறன்று எங்கள் பம்பு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருக்கும் பெண் தன் அப்பாவோடு கல்யாணம் பேச வருகிறாள். எட்டு மாதப் பழக்கம். ஆனால் நாங்கள் சந்திப்பதெல்லாம் நான் வேலை பார்க்கும் சோதனைக் கூடத்தில். அங்கே ஹெல்மெட் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. ஆக, அவளுக்குத் தெரிந்தது என் மஞ்சள் ஹெல்மெட்தான்.

இது ஒருநாள் வரும் என்று நான்கு மாதம் முன்பே தோல் மருத்துவரிடம் போனேன். கத்தி வேண்டாம், முடி நடவும் வேண்டாம் என்றேன். தடவும் மருந்து, மாத்திரை, ஊசி வைத்த ரோலர், நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து மண்டையில் குத்துவது, சிவப்பு விளக்குத் தொப்பி என்று அடுக்கினார். மாத்திரையின் பக்கவிளைவைக் கேட்டதும், கல்யாணத்துக்கு முன் இது எதற்கு என்று விட்டுவிட்டேன். தடவும் மருந்தை எடுத்துக்கொண்டேன். முதலில் கொஞ்சம் கொட்டும், பிறகு முளைக்கும், நிறுத்தினால் மறுபடி போய்விடும் என்றார்.

இங்கேதான் நான் படித்த படிப்பு குறுக்கே வந்தது. புது எண்ணெயைச் சோதிக்கும்போது இரண்டு பம்பில் ஒன்றுக்கு மட்டும் ஊற்றி, மற்றதை ஒப்பிடுவதற்காகப் பழையபடியே விட்டுவைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். அதே புத்தியில் இடது பக்கம் மட்டும் தடவினேன். வாராவாரம் புருவத்திலிருந்து முடிவரை வெர்னியர் அளவுகோலால் மூன்று முறை அளந்து, சராசரியை நோட்டில் எழுதினேன். மருந்து வேலை செய்கிறது, மாமா. இடது பக்கம் நான்கு மில்லிமீட்டர் இறங்கி வந்திருக்கிறது, வலது பக்கம் மூன்று மில்லிமீட்டர் மேலே போயிருக்கிறது. நேராக நின்றாலும் எதையோ ஒட்டுக்கேட்பவன்போலத் தெரிகிறேன்.

நேற்று போனபோது மருத்துவர் நர்ஸைக் கூப்பிட்டு என் நெற்றியைக் காட்டினார். "ஏங்க, பாதியிலயே மருந்து தீந்துபோச்சா?" என்று என்னிடம் கேட்டார் மருத்துவர். விளக்கினேன். "பம்பு போனா வேற பம்பு வாங்கலாம். இனிமே வலது பக்கமும் போடுங்க, நாலு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார். எனக்கு இருப்பது ஒன்பது நாள். "அவங்களுக்கு இடது பக்கம் மட்டும் தெரியற மாதிரி உக்காருண்ணா" என்று தம்பி யோசனை சொல்கிறான், தன் தலையைக் கோதிக்கொண்டே. அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் நாங்கள் விளம்பரத்தில் வரும் சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் படங்கள். இதில் முன் நான்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசியை வேண்டுகிறேன். அதைவிட அவசரமாக, தம்பிக்கு நீங்கள் செய்யப்போகும் போனை.

இப்படிக்கு,
தங்கள் மூத்த மருமகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்துவிட்டாள், ஒரு வரைபடத்தில் கையெழுத்து வாங்க. வெறும் தலையோடு கதவைத் திறந்தேன். பின்னால் தம்பி நின்றான். அவனை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் நெற்றியை இடமும் வலமும் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் மருந்து?" என்று கேட்டாள். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தாள். "புருவத்துலருந்து அளந்தா தப்பு. கவலைப்படும்போது உங்களுக்குப் புருவம் மேல ஏறுது" என்றாள். எட்டு மாதமாக என் புருவத்தைக் கவனித்திருக்கிறாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தின் முன்னால் போய் நின்று, "இது யாரு? ஒரு முடி இல்லாம எவ்வளவு கம்பீரமா இருக்கார்" என்றாள். இரண்டு நிமிடம் பார்த்தாள். கடிகாரம் வைத்துத்தான் சொல்கிறேன். ஆகவே தம்பி இங்கேயே இருக்கட்டும். அம்மா எத்தனை முறை கூப்பிட்டாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.